ராங் நம்பர்

அந்த நீலக் கேபிளை இப்படி இறுக்கிச் சுருட்டி வைக்கக் கூடாது, வக்கீலம்மா. உள்ளே இருக்கும் செம்புக் கம்பிகள் மயிரிழை அளவுதான். இப்படியே கிடந்தால் எங்காவது முறிந்துவிடும். கையில் பெரிய வளையமாகச் சுற்றி, தளர்வாக ஒரு முடிச்சுப் போட வேண்டும். சாட்சிப் பொருள் என்று பையில் போட்டு ஒட்டியவர்களுக்கு இது தெரிந்திருக்காது. அவர்களைக் குறை சொல்லவில்லை. யாதிராவும் இப்படித்தான் சுருட்டுவாள்.

நானாகத்தான் வந்திருக்கிறேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. விசாரணைக் குழுவின் அறிக்கையை நகராட்சி வாசலில் ஒட்டியிருந்தார்கள், நின்று படித்தேன். 'எச்சரிக்கை நிலையத்தின் கருவி சாம்பலாலும் மின்னலாலும் பழுதடைந்ததால் சைரன்கள் ஒலிக்கவில்லை' என்று எழுதியிருந்தது. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தக் கருவியை ஒன்பது வருடம் என் கையால் பார்த்துக்கொண்டேன். அதில் ஒரு கோளாறும் கிடையாது. வாயில்லாத ஒரு பெட்டிமேல் பழியைப் போட்டுவிட்டு எல்லோரும் நிம்மதியாகத் தூங்குவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். மற்றதெல்லாம் அதோடு சேர்ந்து வருகிற பேச்சு.

நீங்கள் தலைநகர் கீட்டோவிலிருந்து வந்திருக்கும் அரசு வக்கீல் என்பதால் எங்கள் ஊர் யானாபாம்பா எப்படி இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். எரிமலை குமுறும்போது உச்சியிலிருக்கும் பனி உருகி, சாம்பலும் பாறையுமாகச் சேர்ந்து, சேற்று வெள்ளமாக ஆற்றுப் பள்ளத்தில் இறங்கும். மேலே பள்ளத்தின் ஓரத்தில் நிலநடுக்கத்தை உணரும் கருவிகள் இருக்கின்றன. அவை ரேடியோ வழியாகப் பாலத்தின் இக்கரை முனையில் இருக்கும் நிலையத்துக்குச் சொல்லும். நிலையம் என்றால் ஒரு சிமெண்ட் அறை, உள்ளே அந்தப் பெட்டி. பெட்டி நான்கு சைரன்களுக்குச் சொல்லும். வெள்ளம் ஊருக்கு வந்து சேரக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். பாலத்துக்கு அக்கரையில் ஆற்றையொட்டித் தாழ்ந்து கிடக்கும் லா வேகா குடியிருப்பு முழுதும் மேட்டுக்கு ஏறிவிட அது தாராளமாகப் போதும்.

போதும் என்று அவர்களை நம்ப வைத்தவன் நான்தான். முன்பெல்லாம் இடி இடித்தாலே எவனாவது 'வருதுடோய்' என்று கத்துவான், ஊரே பாலத்தில் முட்டி மோதும். ஒரு தடவை கர்ப்பிணிப் பெண் ஒருத்தி மிதிபட்டாள். அதன் பிறகு நான் வீடு வீடாகப் போனேன். "சைரன் ஊதினா ஓடுங்க. ஊதலேன்னா ஒக்காருங்க. மனுசன் கத்துறத நம்பாதீங்க" என்று சொன்னேன். குழந்தைகளுக்கும் சொல்லிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றோரம் மூன்று பேருக்கு மூன்று பேர் வாலிபால் ஆடுவார்கள் இல்லையா, சாம்பல் தூறினாலும் ஆட்டத்தை நிறுத்த மாட்டார்கள். "இன்ஹே இன்னும் ஊதல, நீ பந்தப் போடுறா" என்பார்கள். இன்ஜினியர் என்று முழுதாகச் சொல்ல நேரமில்லாமல் ஊரே என்னை இன்ஹே என்றுதான் கூப்பிட்டது. அவர்களுக்குச் சைரன் வேறு, நான் வேறு இல்லை.

அந்தப் பெட்டிக்கு ஒரு சுபாவம் உண்டு. பக்கத்தில் மின்னல் விழுந்தால், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள, சைரன்களுக்குப் போகும் வாயிலை மூடிக்கொள்ளும். அது கோளாறு இல்லை, புத்திசாலித்தனம். யாராவது போய்த் திறந்துவிட வேண்டும், அவ்வளவுதான். அதை வீட்டிலிருந்தபடி செய்ய முடியாது. வெளியாள் யாரும் உள்ளே நுழையக் கூடாது என்று அந்த வழியையெல்லாம் நானே அடைத்திருந்தேன். நேரில் போய், பெட்டியின் கன்சோல் துளையில் நீலக் கேபிளைச் செருகி, மறுமுனையை லேப்டாப்பில் செருகிப் பேச வேண்டும். இரண்டு வரி அடித்தால் திறந்துவிடும். மழைக்காலத்தில் மாதம் ஒரு தடவையாவது நடக்கும். நான் கழுத்தில் கேபிளோடு சந்தை வழியாக ஓடுவேன். பன்றி வறுவல் விற்கும் தோன்யா தார்ஹெலியா, "இன்ஹே, மின்னல் விழுந்துச்சே, பெட்டியப் பாத்தாச்சா?" என்பாள். திரும்பி வரும்போது மொறுமொறுவென்று ஒரு தோல் துண்டை நீட்டுவாள். காசு வாங்க மாட்டாள். இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

யாதிரா கிமி கடற்கரை நகரமான குவாயாகிலிலிருந்து எங்கள் நகராட்சிக்கு மாற்றலாகி வந்தாள். என் வயதுதான் இருக்கும். வந்த முதல் நாளே என்னை ஞாஞோ என்றாள், கூடப் பிறந்தவனைக் கூப்பிடுவதுபோல. கடற்கரைக்காரர்கள் அப்படித்தான், சத்தமாகச் சிரிப்பார்கள், கதவைத் தட்டாமல் வருவார்கள். நாங்கள் மலைக்காரர்கள் அவர்களைக் குரங்கு என்போம். நானும் விளையாட்டாகச் சொன்னேன். "குரங்குக்கு ரெண்டு கையும் வேல செய்யும் ஞாஞோ, ஒங்கள மாதிரி ஒரு கைய பாக்கெட்லயே வச்சுக்கிட்டுத் திரியாது" என்றாள். வேலை தெரிந்தவள். அதை நான் எப்போதும் மறுத்ததில்லை.

அவளுடைய கேபிள் அவள் ஊர் பாஹியா சந்தையில் வாங்கிய மலிவுச் சரக்கு. பார்க்கும்போதெல்லாம் கிண்டல் செய்வேன்.

"இந்தக் கயித்தப் போட்டா பெட்டியோட பேசப் போற? ஒருநாள் நட்டாத்துல ஒன்னக் கவுத்துடும் பாரு."

"ஒன் கேபிளு மட்டும் வாத்திக்கான்ல மந்திரிச்சதா?"

நான் விடவில்லை. அவள் கேபிளைச் செருகும் ஒவ்வொரு தடவையும் ஏதாவது சொன்னேன். போகப் போக அவளே செருகிவிட்டு ஒரு தரம் ஆட்டிப் பார்க்க ஆரம்பித்தாள். சரியாகப் பிடித்திருக்கிறதா என்ற சந்தேகம் அவளுக்குள் இறங்கிவிட்டது. மனிதர்களுக்குள் ஒரு சந்தேகத்தை இறக்குவது எவ்வளவு சுலபம் என்று அப்போது நினைத்தேன். வேறொன்றும் நினைக்கவில்லை.

பெட்டியின் சுபாவத்தைப் பார்த்த முதல் வாரத்திலேயே அவள் கேட்டாள்.

"ஞாஞோ, வாயில் தானா மூடிக்குது, சரி. கொஞ்ச நேரங்கழிச்சுத் தானே தெறந்துக்கச் சொல்லி ஒரு வரி போட்டுட்டா தீர்ந்துச்சே. மழையில நீ எதுக்கு இப்படி ஓடணும்?"

"போடலாம். மழக்காலம் முடியட்டும்" என்றேன்.

அந்த வரி எனக்கும் தெரியும். முதல் வருடத்திலிருந்தே தெரியும். அதைப் போட்டிருந்தால் இன்றைக்கு நாம் இந்த அறையில் உட்கார்ந்திருக்க மாட்டோம், உண்மைதான். ஆனால் அதைப் போட்டிருந்தால் மழை நாளில் என்னை யார் தேடுவார்கள்? ஓடிப் போய்த் திறப்பவன் ஒருவன் இருக்கிறான் என்பதால்தான் ஊர் அந்தப் பெட்டியை மதித்தது. தானாகத் திறந்துகொள்ளும் கதவுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் மேயர் என்னைக் கூப்பிட்டு, இனி நிலையம் யாதிரா பொறுப்பு என்றார். எனக்கு நகராட்சிக் கிடங்கு. "நீங்களும் எத்தன நாளைக்கி மழையில ஓடுவீங்க, கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க" என்று தோளில் தட்டினார். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குக் கோபம் வரவில்லை. சந்தை வழியாக வீட்டுக்கு நடந்தேன். யாதிரா தார்ஹெலியாவின் கடை முன்னால் நின்றுகொண்டிருந்தாள். தார்ஹெலியா அவளிடம் ஒரு தோல் துண்டை நீட்டி, "சாப்பிடுங்க இன்ஹே, ஒங்களுக்குத்தான் எடுத்து வச்சேன்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "ஒங்களுக்கு எவ்வளவு போடட்டும், தோன் காலோ?" என்று கேட்டாள்.

தோன் என்பதும் மரியாதைச் சொல்தான், வக்கீலம்மா. சிமெண்ட் கடைக்காரரையும் தோன் என்பார்கள். குதிரைக்கு லாடம் அடிப்பவரையும் தோன் என்பார்கள். அன்று நான் வறுவல் வாங்கவில்லை.

பொறுப்பை ஒழுங்காகத்தான் ஒப்படைத்தேன். சாவிகள், கடவுச்சொற்கள், சைரன் கம்பங்களின் வரைபடம், ரேடியோ கெட்டுப்போனால் யாரை அழைப்பது, எல்லாம் கொடுத்தேன். எதையாவது மறைத்தேனா என்று கேட்டால் இல்லை என்பேன். கேட்டதையெல்லாம் கொடுத்தேன். கன்சோலின் வேகம் என்ன என்று அவள் கேட்கவில்லை. அதை யாரும் கேட்பதில்லை.

அதுதான் விஷயம். கேபிள் வழியாகப் பேசும்போது பெட்டியும் லேப்டாப்பும் ஒரே வேகத்தில் பேச வேண்டும். பெட்டி தன் வேகத்தை வெளியே சொல்லாது. நீங்கள் லினக்ஸில் 'ஸ்கிரீன்' என்று அடித்து, கேபிள் செருகிய இடத்தின் பெயரை அடித்து, கடைசியில் வேகத்தை அடிக்க வேண்டும். எண் சரியாக இருந்தால் பேச்சு. தப்பாக இருந்தால் பெட்டி பேசுவது திரையில் வெறும் கிறுக்கலாக விழும், கேள்விக்குறிகளும் உடைந்த எழுத்துகளுமாக. செத்துக்கொண்டிருக்கும் கருவி எதையோ முனகுவதுபோல இருக்கும். உலகம் முழுக்க எல்லோரும் போடுவது 9600. விரல் தானாகவே அதை அடித்துவிடும். சாவியைக் கொடுப்பதற்கு முந்தின நாள் நிலையத்துக்குப் போய் அந்த எண்ணை முன்னூறு என்று மாற்றினேன்.

வேறு எதையும் தொடவில்லை. சைரனைத் தொடவில்லை, ரேடியோவைத் தொடவில்லை. மாதாந்தரச் சோதனையில் நான்கு சைரன்களும் அழகாக ஊதின. நான் நினைத்தது ரொம்பச் சின்ன விஷயம். ஏதோ ஒரு மழை நாளில் வாயில் மூடிக்கொள்ளும். யாதிரா கேபிளைச் செருகுவாள். கிறுக்கல் வரும். கேபிளை ஆட்டிப் பார்ப்பாள், திட்டுவாள், கடைசியில் என்னைக் கூப்பிடுவாள். நான் என் கேபிளைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சந்தை வழியாக நடந்து போவேன். ஓடக்கூட வேண்டாம். தார்ஹெலியா பார்த்தால் போதும். ஒரு மனிதன் இவ்வளவு ஆசைப்படுவது பெரிய குற்றமில்லை என்று இப்போதும் நினைக்கிறேன்.

தானாகத் திறக்கும் அந்த வரியைப் போட அவள் கேபிளைச் செருகத்தான் வேண்டும். அப்போதே தெரிந்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் மேயர் அவளைப் பள்ளிக்கூடத்துக்கு இன்டர்நெட் இழுக்கும் வேலையில் போட்டுவிட்டார். "இது முடியட்டும் ஞாஞோ, ஒன் பெட்டிக்கு ஒரு நாள் முழுசா ஒதுக்கி வக்கிறேன்" என்றாள். என் பெட்டி என்றுதான் சொன்னாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்போது சொல்லியிருக்கலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே சாம்பல் தூறிக்கொண்டிருந்தது. மாதா கோவிலில் பூசை முடிந்து ஜனங்கள் குடையோடு வந்தார்கள். என் வீடு மேட்டில் இருக்கிறது, சன்னலில் நின்றால் கோவில், பாலம், லா வேகாவின் வாலிபால் களம் எல்லாம் தெரியும். பியெதாத், என் மனைவி, அடுப்படியில் உருளைக்கிழங்கு அடை சுட்டுக்கொண்டிருந்தாள். பெரிய மின்னல் ஒன்று ஆற்றுப்பக்கம் இறங்கியது. கோவில் கோபுரத்துச் சைரன் கம்பத்தில் ஒரு பச்சை விளக்கு உண்டு. பெட்டியோடு தொடர்பு இருக்கும்வரை எரியும். அது அணைந்தது. அதைப் பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் ஊரில் இரண்டே பேர். ஒருத்தி சாம்பல் மழையில் நிலையத்துக்கு ஓடுவதைப் பார்த்தேன்.

நான் சொல்வதில் எதையும் குறைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மலைப்பக்கம் ஒரு உறுமல் கேட்டது. இடி இல்லை. இடி நின்றுவிடும், இது நிற்கவில்லை. அது என்ன சத்தம் என்று எனக்குத் தெரியும். முன்பும் கேட்டிருக்கிறேன். களத்தில் ஆட்டக்காரர்கள் ஒரு நிமிடம் நின்று மேலே பார்த்தார்கள். பிறகு எவனோ பந்தைப் போட்டான்.

நான் போய் ஷூ மாட்டிக்கொண்டேன். கேபிளை எடுத்துக் கதவருகே வைத்தேன். போனைச் சாப்பாட்டு மேசையில் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தயாராகத்தான் இருந்தேன் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அவளுடைய லேப்டாப்பும் உங்களிடம் இருக்கிறது. அதில் அவள் அடித்த வரிகள் வரிசையாகக் கிடக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் 9600. மறுபடியும் 9600. மறுபடியும். நடுவில் கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகியிருப்பாள். அவ்வளவு நாள் நான் கிண்டல் செய்திருந்தேன், பாவம், பாஹியாக் கேபிள்தான் கவுத்துவிட்டது என்று நினைத்திருப்பாள். அப்புறம்தான் புத்தி வேலை செய்திருக்கும், வேகத்தை மாற்றிப் பார்த்திருப்பாள். 19200, 38400, 115200. எல்லோரும் மேலேதான் ஏறுவார்கள். இந்தக் காலத்தில் முன்னூறுக்கு யாரும் இறங்கி வர மாட்டார்கள். அதனால்தான் அந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தேன்.

பிறகு அவள் பாலத்துக்கு ஓடி வந்தாள். கழுத்தில் கேபிள் தொங்கியது, நான் தொங்கவிடுவதுபோலவே. நடுப்பாலத்தில் நின்று அக்கரையைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினாள். எனக்கு அவ்வளவு தூரத்தில் குரல் கேட்கவில்லை. உயிர் பிழைத்த ஆட்டக்காரன் உங்களிடம் சொன்னதைப் படித்தேன். "இன்ஹே பாலத்துல நின்னு கத்துனாங்க. ஓடுங்க ஓடுங்கன்னாங்க. நாங்க சிரிச்சோம். சைரன் ஊதலியேன்னு கையக் காட்டுனோம். மனுசன் கத்துறத நம்பாதீங்கன்னு சொல்லித்தான எங்களுக்குப் பழக்கம்." நன்றாகப் பழக்கியிருந்தேன். சொன்னால் சொன்னபடி நடப்பவர்கள் லா வேகாக்காரர்கள். அவளும் திரும்பி ஓடியிருக்கலாம், நிலையம் இருக்கும் கரையில் மேட்டுக்கு ஏறும் படிக்கட்டு பக்கம்தான். ஓடவில்லை. அக்கரைக்கே ஓடினாள்.

பதினேழு பேர். யாதிராவோடு பதினெட்டு. தார்ஹெலியாவும் அதில் இருக்கிறாள், மகளைப் பார்க்க லா வேகாவுக்குப் போயிருந்தாளாம். அது எனக்குத் தெரியாது. எனக்கு வருத்தம் இல்லையென்று நினைக்காதீர்கள். பதினெட்டு சவப்பெட்டிக்கும் தோள் கொடுத்தேன். யாதிராவின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்களப் பத்திதான் பேசிக்கிட்டே இருப்பா" என்று அழுதபோது நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

இக்கரை உயரம் என்பதால் சிமெண்ட் அறைக்கு ஒன்றும் ஆகவில்லை. பெட்டியும் அப்படியே இருந்தது. அதைத்தான் குழுவின் நிபுணர் சோதித்துவிட்டுப் பழுது என்று எழுதினார். இதோ உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். அவர்மேல் தப்பில்லை. அவரும் 9600 அடித்திருப்பார், கிறுக்கலைப் பார்த்திருப்பார். சாம்பல், மின்னல் என்று எழுதக் காரணமும் கையில் இருந்தது.

பெட்டி மேசைமேல்தானே இருக்கிறது. மின்சாரம் கொடுங்கள். ஐயா, நீங்களே கேபிளைச் செருகுங்கள், அவளுடைய கேபிளே போதும், அது நல்ல கேபிள்தான். 'ஸ்கிரீன்' அடியுங்கள். அனுமதி இல்லை என்கிறதா? புது லேப்டாப்பில் அப்படித்தான் சொல்லும். முன்னால் 'சூடோ' என்று சேர்த்து உங்கள் கடவுச்சொல்லைக் கொடுங்கள். கடைசியில் முன்னூறு. இப்போது என்டரைத் தட்டுங்கள்.

பார்த்தீர்களா. ஒரு எழுத்து பிசகவில்லை. மெதுவாகத்தான் வரும், முன்னூறில் ஒவ்வொரு எழுத்தாகத்தான் நடந்து வரும். பொறுமையாகப் படியுங்கள், வக்கீலம்மா. எண்ணை மாற்றிய அன்றே இந்த வரவேற்பு வாசகத்தையும் நான்தான் எழுதி வைத்தேன். உள்ளே நுழையும் யாரும் முதலில் பார்ப்பது இதைத்தான். 'யானாபாம்பா எச்சரிக்கை நிலையம். சிக்கல் என்றால் இன்ஜினியர் காலோ திப்பானை உடனே அழைக்கவும்.' கீழே என் போன் எண். எனக்குக் கெட்ட எண்ணம் இருந்திருந்தால் என் எண்ணை எழுதி வைத்திருப்பேனா? நீங்களே சொல்லுங்கள்.

ஆமாம், கிறுக்கலாகத்தான் அவளுக்குத் தெரிந்திருக்கும். அவள் படித்த கிறுக்கல் இதுதான். ஆனாலும் கூப்பிட்டாள்.

அதை நான் மறைக்கவில்லை, நீங்கள் இப்போதுதான் கேட்கிறீர்கள். உறுமல் கேட்டதற்குப் பிறகு, அவள் பாலத்துக்கு ஓடுவதற்கு முன்பு. போன் தட்டுக்குப் பக்கத்தில் அதிர்ந்தது. திரையில் அவள் பெயர் இருந்தது. முன்னூறு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நேரில் போகக்கூட வேண்டாம். அது எனக்கு நன்றாகத் தெரியும். பியெதாத் கையில் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"போன் அடிக்குது காலோ. யாரு?"

"ராங் நம்பர்" என்றேன்.

அவள் என் காலைப் பார்த்தாள். வீட்டுக்குள் ஏன் ஷூ போட்டிருக்கிறாய் என்று கேட்கவில்லை. இறுதிச் சடங்கு முடிந்ததும் அம்பாத்தோவில் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அவளை இதில் இழுக்க வேண்டாம்.

ஒரு தடவை அடித்தவுடன் பாய்ந்து எடுத்தால் என்ன மதிப்பு இருக்கும், வக்கீலம்மா. நான் ஷூ மாட்டிக்கொண்டு, கேபிளைக் கதவருகே வைத்துக்கொண்டு, போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டாள். இன்னொரு தடவை கூப்பிட்டிருந்தால் நான் எடுத்திருப்பேன்.